வண்டிக்காரரின் வலது கால்

அமரவிளைப் பாலத்தைத் தாண்டும்வரை அவர் என்னுடன் ஒரு வார்த்தை பேசவில்லை. நெய்யாற்றின்கரை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கிளம்பி நடந்துகொண்டிருந்தோம். அவர் முன்னால், நான் சற்றுப் பின்னால். காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்துத் தோளில் போட்டிருந்தார். காலில் செருப்பு கிடையாது. அந்தக் காலத்தில் அந்த ரோட்டில் ஓடிய டிரைவர்களில் பலர் வெறுங்காலோடுதான் வண்டி ஓட்டினார்கள். முன்னால் போகிறவரின் கால்களைத் தவிர எனக்குப் பார்க்க வேறொன்றும் இல்லை. பித்தவெடிப்பு விட்ட அகன்ற பாதங்கள். வலது பாதம் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பி விழும்.

அந்த வலது கால் ஆக்சிலேட்டரில் இருந்ததைப் பார்த்தேன் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டு வந்தவன் நான். அது பிரேக்கில் இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர். ஆனால் இரண்டு பேருக்கும் போக வேண்டிய வீடு ஒன்றுதான், அவருடைய வீடு. ஆகையால் சேர்ந்து நடந்தோம்.

அந்த பஸ்ஸில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மழைக்காலமும் ஒரு வேனலும் ஆகியிருந்தன. அதற்கு முன்னால் ஆரியங்காவில் மரம் சுமந்தேன், கொல்லத்தில் ஓட்டலில் இலை எடுத்தேன், நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் துருத்தி ஊதினேன். படிப்பு பாதியில் நின்றது. எழுத்துக்கூட்டிப் படிப்பேன், கணக்குப் போடுவேன், அவ்வளவுதான். ஓரிடத்தில் நிலைத்து நிற்பது எனக்கு வழக்கமில்லை. பஸ்ஸில் என் வேலை முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்புவது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் சுமப்பது, சாமான்களைக் கூரைமேல் ஏற்றி இறக்குவது. பிறகு ஒவ்வொரு நாள் காலையும் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து பிரேக் கம்பிகளை முறுக்கி, கிரீஸ் போடுவது. படுக்க இடமில்லாமல் இருந்தவனைத் தன் வீட்டை ஒட்டிய சாய்ப்பில் படுக்கவிட்டவர் இந்த டிரைவர். இரவு ஒரு வேளைக் கஞ்சியும் அங்கேதான்.

அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. மோட்டாருக்கு அவர் வந்தது தாமதமாகத்தான். வாலிபத்திலிருந்து பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பிள்ளைமார் வீட்டில் வில்வண்டி ஓட்டினார். வீட்டில் யாரோ சர்க்கார் உத்தியோகத்தில் உயர்ந்தபோது அவர்கள் மாட்டை விற்றுக் கார் வாங்கினார்கள். வண்டிக்காரரையே அனுப்பிக் கார் ஓட்டக் கற்றுவரச் செய்தார்கள். அந்த நாளில் எங்கள் பக்கத்தில் டிரைவர் என்றால் பெரும்பாலும் இப்படித்தான். ரோடு தெரிந்தவன், நல்ல பழக்கமுள்ளவன், ஆகவே கயிற்றை விட்டுவிட்டு வளையத்தைப் பிடி என்றார்கள். ஸ்டீரிங்குக்கு வளையம் என்றுதான் பேர். பிறகு கார் போய், அவர் பஸ்ஸுக்கு வந்தார். பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டியிருந்தார். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்பார்கள்.

முந்தின நாள் காலையில், பாறசாலைக்கு வரும் வழியில் ஒரு சந்தைப் பக்கம் ஆள் ஏற்ற வண்டியை நிறுத்தியிருந்தோம். நான் எஞ்சினைக் கிளப்பிவிட்டு ஓடிவந்து அவருக்கு இடப்பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி மெல்ல நகர்ந்தது. ஒரு ஆடு குறுக்கே வந்தது. ஆடுதான், வேறொன்றுமில்லை. வண்டி நிற்பதற்குப் பதிலாகச் சீறிப் பாய்ந்தது. ஆடு எப்படியோ தப்பிவிட்டது.

ரோட்டோரத்தில் சுமைதாங்கிக் கல் இருந்தது. தலைச்சுமைக்காரர்கள் சுமையை இறக்கி வைக்க, ஆள் உயரத்தில் இரண்டு கல்லை நாட்டி மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். மரச்சீனிக் கிழங்குக் கூடையை அதன்மேல் வைத்துவிட்டு ஒரு பெண் சும்மாட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். வண்டி அந்தக் கல்லில் போய் மோதியது. மேல்கல் அவள்மேல் விழுந்தது. கல்லைப் புரட்ட ஆறேழு பேர் வேண்டியிருந்தது. புரட்டியபோது அவளிடம் உயிர் இல்லை.

கல்லில் மோதுவதற்கு முன் நடந்ததைத்தான் இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டார். "காலு எவிடெ ஆயிருந்நு? நீ கண்டோ?" என்று மலையாளத்தில். கால் எங்கே இருந்தது, நீ பார்த்தாயா என்று. கண்டேன் என்றேன். வண்டி பாய்ந்தபோது இவர் வளையத்தை இரு கையாலும் பிடித்து நெஞ்சோடு சேர்த்து இழுத்தார். "ஹோவ், ஹோவ்" என்று கத்தினார். நான் பயந்து கீழே பார்த்தேன். வலது கால் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டு விறைத்து நின்றது. காலை எடுங்க என்று கூவினேன். எடுக்கவில்லை. எஞ்சின் நின்ற பிறகும் எடுக்கவில்லை.

பஸ் முதலாளி ஆள் அனுப்பி அவருக்கு ஜாமீன் கொடுத்தார். கூடவே ஒரு வக்கீல் குமாஸ்தாவும் வந்தான். அவன் அவரைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னதெல்லாம் என் காதிலும் விழுந்தது. மோதியதில் முன்பாகம் நசுங்கி பிரேக் கம்பியும் வளைந்திருந்தது. மோதியதால் வளைந்ததா, அதற்கு முன்பே கழன்றிருந்ததா என்று எந்தக் கொல்லனாலும் சொல்ல முடியாது. பிரேக் பிடிக்கவில்லை என்று கோர்ட்டில் உறுதியாகச் சொன்னால் போதும். அப்படியானால் பிரேக்கை முறுக்கியவன் பதில் சொல்லட்டும். அதாவது நான். அவர் சொல்வது நின்றால் நான் உள்ளே. நான் சொல்வது நின்றால் அவர் உள்ளே.

பாலம் கடந்து கொஞ்ச தூரம் போனதும் அவர் திரும்பாமலே கேட்டார்.

"எலே, நீ கண்டது நேருதானா?"

"கண்டேன் அண்ணாச்சி."

"ஆளுவ கூவுன கூவுல நீ வெளியதானே பாத்திருப்பே? எனக்க காலையா பாத்துக்கிட்டு இருந்தே?"

"நீங்க வளையத்தப் பிடிச்சு இழுத்தீங்க. வளையம் பறிஞ்சு வந்திரும்னு பயந்து கீழ பாத்தேன்."

"நான் பிரேக்குதான் சவுட்டினேன். பெலமாட்டு சவுட்டினேன் மக்கா. சவுட்டச் சவுட்டப் பாஞ்சுது. அப்பம் பிரேக்கு இல்லேன்னுதானே?"

"காலையில நான் கம்பிய முறுக்கினேன். அதுக்குப் பிறவு ரெண்டு எடத்துல நிறுத்தினீங்க. பிடிச்சுதா இல்லியா?"

"பிடிச்சுது."

"பின்ன?"

"பின்ன எனக்குத் தெரியாது. எனக்க கால எனக்குத் தெரியாதா? உனக்குத் தெரியுமோ?"

அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். இது அது இல்லை. பிரேக்கை மிதித்தோம் என்று அவர் அறிந்திருந்தார், தன் பேரை அறிந்திருப்பதுபோல. அதனால்தான் காலை எடுக்கும்படி நான் கூவியதும் அவருக்கு அர்த்தமாகவில்லை. பிரேக்கிலிருந்து யாராவது காலை எடுப்பார்களா?

பின்னால் என் அலைச்சலில் எத்தனையோ டிரைவர்களுடன் பழகினேன். இப்படி நடந்தது என்று ஒப்புக்கொண்டவர்கள் குறைவு. யாரோ ஒருவருக்கு நடந்தது என்பார்கள். அது எப்போதும் வயதான ஆளாக இருக்கும். கண் மங்கிவிட்டது, குடித்திருந்தான், கிழவனுக்கு புத்தி கலங்கிவிட்டது என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சில பழைய கார்களில் ஆக்சிலேட்டர் நடுவில் இருக்கும், பிரேக் ஓரத்தில். அதில் பழகியவன் புது வண்டியில் சாதாரண நேரத்தில் சரியாகத்தான் ஓட்டுவான். பயந்த நேரத்தில் கால் பழைய இடத்தைத் தேடும். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது உடம்பு முறுகி இடுப்போடு காலும் நகர்ந்துவிடும். வயதானால் உள்ளங்கால் மரத்துப்போய், எதன்மேல் இருக்கிறோம் என்று அது சரியாகச் சொல்லாது. ஆனால் இதெல்லாம் கால் தவறிப் போவதற்குக் காரணம். தவறிய கால் ஏன் அங்கேயே நிற்கிறது என்பதுதான் ஆளைக் கொல்லும் விஷயம். ஓட்டுகிறவன் குனிந்து பார்ப்பதில்லை. நினைத்த இடத்தில் கால் இருக்கிறது என்று நம்புகிறான். வண்டி சீறினால் பிரேக் போதவில்லை என்று இன்னும் அழுத்துகிறான். சின்னப் பையன் என்றால் தன்மேல் சீக்கிரம் சந்தேகம் வரும். அவன் நாளுக்கு நாலு தப்புச் செய்கிறவன். இத்தனை வருஷம் சொன்னபடி கேட்ட காலை ஒரு கிழவர் எப்படிச் சந்தேகப்படுவார்?

சந்தைப் பக்கம் வந்தோம். பஸ்ஸைக் கட்டி இழுத்துப் போய்விட்டார்கள். கல் புரண்டபடி கிடந்தது. கிழங்கு சிதறிய இடத்தில் ஓர் ஆடு நின்று தோலைக் கடித்துக்கொண்டிருந்தது. அதே ஆடா என்று தெரியவில்லை. சாயாக்கடை முன்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் தலை குனிந்து நடந்தார். கடந்துபோகும்போது ஒருவன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

"வாறாருடே, பஸ்ஸுக்கு மூக்கணாங்கயிறு கெட்டின ஆளு."

"ஹோவ் ஹோவ்னு விளிச்சாரே, பஸ்ஸுக்குச் செவி கேக்கல்ல போல," என்றான் இன்னொருவன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சொன்னவன்கூட. அவர் நிற்காமல் போனார். கொஞ்ச தூரம் போனபின், "நான் அப்படி விளிச்சேனா?" என்று என்னிடம் கேட்டார்.

"விளிச்சீங்க."

"ஓர்மையில்ல," என்றார்.

பாறசாலைக்கு இப்பால் ஒரு காலி மாட்டு வண்டி பின்னாலிருந்து வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. வண்டிக்காரன் நடுவயசுக்காரன். இவருடைய வில்வண்டிக் காலத்தில் சந்தைக்குச் சந்தை பார்த்துப் பழகியவனாம். கேறுங்க அண்ணாச்சி என்றான். விபத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்திருந்தது. கேட்கவில்லை. நான் பின்னால் ஏறினேன், அவர் முன்னால் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மாடுகளைப் பற்றிப் பேசினார்கள். இடப்பக்கம் கட்டிய இடத்தி மாடு புதுசு, மோட்டாரைக் கண்டால் விலகும் என்றான்.

"கயிறப் பிடியும். நான் ஒரு பீடி பத்தட்டு," என்று கயிற்றை அவர் கையில் கொடுத்தான்.

அவர் கயிற்றை வாங்கியதும் முதுகு நிமிர்ந்தது. அதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அந்த நாளில் அவர் முகத்தில் ஏதாவது தெளிவு வந்திருந்தால் அந்த நேரத்தில்தான் வந்திருக்கும். ஆனால் எனக்கு முகம் தெரியவில்லை.

வளைவில் எதிரே வேறொரு கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. இடத்தி மாடு மிரண்டு ரோட்டை விட்டு ஓடைப் பக்கம் பாய்ந்தது. வண்டிக்காரன் கையில் தீக்குச்சி. அவர் "ஹோவ்" என்று ஒரு சத்தம் கொடுத்தார். கயிற்றை இரு கையாலும் நெஞ்சோடு இழுத்தார். உடம்பு பின்னால் சாய்ந்தது. இரண்டு காலும் முன்பலகையில் போய் உதைத்து நின்றன. அப்படி உதைத்தால்தான் கயிற்றை இழுக்க பலம் கிடைக்கும். எந்த வண்டிக்காரனும் அப்படித்தான் மாட்டை நிறுத்துவான். வலது கால் தொடையிலிருந்து விரல் வரை ஒரே கட்டையாக நீண்டு பலகையை அழுத்தியது. மாடுகள் கழுத்தை வளைத்து நின்றுவிட்டன. சக்கரம் ஓடையின் விளிம்பில் இருந்தது. பஸ் எங்களைக் கடந்து போயிற்று.

"இந்தப் பிடி போதும் அண்ணாச்சி, யானையும் நிக்கும்," என்று வண்டிக்காரன் கயிற்றைத் திரும்ப வாங்கினான்.

அவர் கை காலியான பிறகும் வலது கால் பலகையை விட்டு இறங்கவில்லை. அவர் அதையே பார்த்தார். பிறகு உள்ளங்கையால் தொடையைத் தட்டி, முழங்காலைப் பிடித்து மடக்கி, காலைத் தானே இறக்கி வைத்தார். வேறு யாருடைய காலையோ எடுத்து வைப்பதுபோல இருந்தது.

வண்டியிலிருந்து இறங்கி, குன்னத்துகால் போகும் வழியில் அவர் வீட்டுக்கு நடந்தோம். ரப்பர்த் தோட்டங்கள் இல்லாத காலம் அது. இருபுறமும் மரச்சீனியும் பனையும்தான். பாதி வழியில் நின்றார்.

"இப்பம் நான் காலுகிட்ட ஒண்ணும் சொல்லல்ல மக்கா. கண்டியா?"

"கண்டேன்."

"நேத்தும் சொல்லியிருக்க மாட்டேன்." காலைப் பார்த்துக்கொண்டே, "அப்பம் பிரேக்கு பிடிச்சிருக்கும், இல்லியா? சவுட்டியிருந்தா."

"பிடிச்சிருக்கும்."

அவர் தேறுவார் என்று நினைத்திருந்தேன், உண்மை தெரிந்துவிட்டதே என்று. அது என் அறியாமை. அதுவரை அவர் கணக்கில் ஒரு கெட்டுப்போன கம்பி அந்தப் பெண்ணைக் கொன்றிருந்தது. இனி அப்படி இல்லை.

வீட்டில் அவருடைய மனைவி விளக்கு ஏற்றிவிட்டுக் காத்திருந்தாள். நான் மயினி என்று கூப்பிடுவேன். வக்கீல் குமாஸ்தா என்ன சொன்னான் என்று கேட்டாள்.

"பிரேக்குல குத்தமில்ல. எனக்க காலாக்கும்," என்றார் அவர்.

"ஆரு சொன்னா? இவனா?"

"இவன் முந்தியே சொன்னான். இப்பம் நானே கண்டேன்."

"எங்க வச்சுக் கண்டீங்க?"

அவர் கிணற்றடிக்குப் போனார். வெகுநேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவள் எனக்குக் கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு எதிரில் நின்றாள்.

"நான் பாக்கல்லேன்னு ஒரு வாக்கு சொல்லப்படாதா உனக்கு?"

"சொன்னா பிரேக்குன்னு ஆகும் மயினி. நான் உள்ள போவேன்."

"போனா என்ன? நீ ஒத்தத் தடி. உனக்கு வேண்டிக் கரஞ்சு அழ ஒரு ஆளு உண்டா? ரெண்டு மாசம் சர்க்கார் சோறு தின்னுட்டு வேற ஊருக்குப் போவே. இந்த மனியன் உள்ள போனா திரும்பி வரதுக்கு வயசு வேண்டாமா?"

அவள் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. கஞ்சியைக் குடித்தேன். பயறும் இருந்தது. பசி அதையெல்லாம் கேட்காது. இருந்தாலும் நான் சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு நிமிஷமும் தோன்றவில்லை. நான் கம்பியை முறுக்கித்தான் இருந்தேன்.

விடியும்போது எழுந்து பார்த்தால் அவர் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றார். நெய்யாற்றின்கரைக்குப் போகிறேன் என்றார். வக்கீல் குமாஸ்தாவிடம் சொல்ல வேண்டும், பிரேக் என்று தன்னால் சொல்ல முடியாது என்று. கோர்ட்டில் கேட்டால் கண்டதையே சொல்லு என்றார் என்னிடம். அவள் உள்ளேயிருந்து வரவில்லை. அவருக்குப் பிற்பாடு ஜெயில் கிடைத்தது. திரும்பி வந்தார் என்றும், கயிற்றையோ வளையத்தையோ அதற்குப் பிறகு தொடவில்லை என்றும், பஸ்ஸில் ஏறக்கூட மாட்டார் என்றும் பல வருஷம் கழித்துக் கேள்விப்பட்டேன்.

அன்று காலையில் அவர் போன பிறகு என் துணியைச் சுருட்டிக்கொண்டு நானும் புறப்பட்டேன். ரோட்டு வழி போனால் அவர் பின்னாலேயே போக வேண்டியிருக்கும். அதனால் வயல் வரப்பில் இறங்கி செங்கல் ஊர்ப் பக்கமாக நடந்தேன். அங்கே வயல்கரையில் ஓட்டுச் சூளை ஒன்று இருந்தது. புகை தெரிந்தது. சூளை இருக்கிற இடத்தில் ஒரு நாள் கூலிக்காவது ஆள் வேண்டியிருக்கும் என்பது என் அனுபவம்.

மேஸ்திரி குழியோரம் நின்று திட்டிக்கொண்டிருந்தார். களிமண் மிதிக்கிற குழியில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மூன்றாவது ஆள் இல்லை. வேலை உண்டா என்று கேட்டேன். என் கால்களைத்தான் முதலில் பார்த்தார்.

"மண்ணு சவுட்டியிருக்கியா?"

"இல்ல. சவுட்டுவேன்."

"முந்தி எங்க?"

"பஸ்ஸுல."

அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "ஒரு ஆளு வரல்ல. அவனுக்க பொண்டாட்டிய இன்னைக்குக் குழியில வைக்காவ. ஆஸ்பத்திரியில இருந்து நேத்து சாயங்காலம்தான் குடுத்தாவளாம். கெழங்கு விக்கப் போனவ. கல்லு விழுந்து போயிட்டா." பிறகு என்னைப் பார்த்தார். "நீ எந்த பஸ்ஸு?"

எந்த பஸ் என்று சொன்னேன். சொல்லாமலிருக்க வழி இருந்தது, தோன்றவில்லை. குழியில் இருந்த இருவரும் மிதிப்பதை நிறுத்தினார்கள். ஒருவன் கீழே துப்பினான். மேஸ்திரி சூளையைத் திரும்பிப் பார்த்தார், நனைத்துப் போட்ட மண்ணைப் பார்த்தார். மண் காய்ந்துகொண்டிருந்தது.

"ஓட்டினது நீயா?"

"இல்ல. பக்கத்துல இருந்தேன்."

"அவன் நாளைக் கழிச்சு வருவான். அதுக்குள்ள நீ போயிரணும். கேட்டியா?" என்றார். "எறங்கு. பய்யெச் சவுட்டு. மண்ணுக்குள்ள கல்லு கெடந்தா காலக் கிழிக்கும்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மற்ற இருவரும் எனக்கு இடம் விட்டு ஒதுங்கினார்கள். மண் முழங்கால்வரை வந்தது, குளிர்ந்திருந்தது. வலது காலைத் தூக்கி வைத்தேன்.